வெள்ளவத்தைக் கடல்முகச் சுவரும் 100:1 முக்கோணங்களும்: நீட்டிய மெஷ்ஷில் வழு எங்கே பிறக்கிறது

கொள்ளுப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தை வரை மரைன் டிரைவை ஒட்டி நிற்கும் தொடர்மாடிகளில், கடலைப் பார்த்த சுவருக்குள் உப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கணிப்பதுதான் இந்த வேலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலைத்துளியைத் தூக்கிவந்து சுவரில் அறைகிறது. குளோரைட்டு கொங்கிரீட்டின் நுண்துளை வழியே பரவி உள்கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது, அதனால் மேலுள்ள கொங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கேள்வி எளிது: 50 மி.மீ. ஆழத்தில் கிடக்கும் கம்பியிடம் 20 ஆண்டில் எவ்வளவு உப்பு சேர்ந்திருக்கும்?

இந்தக் கணக்கைத் தேர்ந்ததற்குக் காரணம், அது நீட்டிய மெஷ்ஷைத் தானாகவே கேட்கிறது என்பதுதான். மெஷ் என்பது, சுவரை முக்கோணம், நாற்கோணம் போன்ற சிறு எலிமென்ட்டுகளாகப் பிரித்து, அவற்றின் மூலைகளான கணுக்களில் செறிவைக் கணிக்கப் போடும் வலை. எலிமென்ட்டுகள் ஒரு திசையில் நீண்டு மறுதிசையில் மெலிந்திருந்தால் அது நீட்டிய மெஷ். சுவரின் குறுக்கே சில மில்லிமீற்றருக்குள் செறிவு தலைகீழாக மாறுகிறது. சுவரின் உயரம் வழியே மீற்றர் கணக்கில் போனாலும் பெரிதாக மாறுவதில்லை. அதோடு, சரியான விடை முன்னமே தெரியும். 1855இல் அடோல்ஃப் ஃபிக் எழுதிய பரவல் சமன்பாட்டுக்கு, மேற்பரப்புச் செறிவு மாறாமல் இருந்தால், விடை எர்ஃப்சி (erfc) சார்பு. பைதனின் சைபை நூலகத்தில் அது அதே பெயரில் இருக்கிறது. மெஷ் தரும் விடையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் உடனே பிடிபடும்.

எடுத்துக்கொண்ட எண்கள்: சுவர்த் தடிப்பு 200 மி.மீ., உயரம் 3000 மி.மீ., பரவல் குணகம் விநாடிக்கு 2 × 10⁻¹² சதுர மீற்றர். ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 63 சதுர மி.மீ. இந்த மாற்றத்தை முதலிலேயே செய்துவிடுவது நல்லது. விநாடியையும் மீற்றரையும் வைத்துக்கொண்டு ஓடினால் தாயத்தில் (கணுக்களின் சமன்பாட்டுக் கெழுக்களை அடுக்கிய அட்டவணை, matrix) 10⁻¹² வகை எண்கள் நிறைந்து, "பூச்சியத்துக்குக் கிட்டியது" என்று சோதிக்கும் ஒவ்வொரு நிரலும் தவறான இடத்தில் நின்றுவிடும். உண்மையான கட்டடத்துக்கு இந்தக் குணகத்தைத் துளையிட்டு எடுத்த மாதிரியில் இருந்து கணிக்கவேண்டும். கொங்கிரீட் முதிர முதிர அது குறையவும் செய்யும். இங்கே மெஷ்ஷைச் சோதிப்பதே நோக்கம் என்பதால் மாறிலியாக வைத்தோம்.

பரவலின் நீள அளவு, அதாவது குணகத்தையும் காலத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து இரட்டித்தது, 1 ஆண்டில் 15.9 மி.மீ., 20 ஆண்டில் 71 மி.மீ. மேற்பரப்புச் செறிவை 1 எனக் கொண்டால், 50 மி.மீ. ஆழத்தில் 5 ஆண்டில் 0.046, 20 ஆண்டில் 0.319, 50 ஆண்டில் 0.529. இவைதான் ஒப்பிடும் எண்கள்.

எத்தனை கணு வேண்டும்

1 மி.மீ. சதுரங்களால் சுவரை நிரப்பினால் 201 × 3001, அதாவது 603,201 கணுக்கள். ஆழத்தில் 25 அடுக்கு, உயரத்தில் 100 மி.மீ.க்கு ஒன்றாக 30 பகுதி என்று போட்டால் 26 × 31 = 806 கணுக்கள், 1500 முக்கோணங்கள். ஒரு சாதாரண மடிகணினி இதைக் கண்ணிமைக்கும் முன் தீர்த்துவிடும்.

அடுக்குகளை 1.15 மடங்கு வீதம் வளரவிட்டோம். கம்பியின் ஆழமான 50 மி.மீ. ஒரு கணுவில் சரியாக விழவேண்டும் என்பதற்காகச் சுவரை இரண்டு துண்டாக வெட்டினோம். மேற்பரப்பில் இருந்து 50 மி.மீ. வரை 15 அடுக்கு: முதல் அடுக்கு 1.05 மி.மீ., கடைசி 7.44 மி.மீ. அதற்குப் பின் 200 வரை 10 அடுக்கு: முதலாவது 7.39, கடைசி 26 மி.மீ. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் 7.44க்கு அடுத்து 7.39 வருவதால் தாவல் இல்லை. இந்தப் பொருத்தம் தானாக வராது. முதல் அடுக்கையோ அடுக்கு எண்ணிக்கையையோ மாற்றினால் மறுபடி கணித்துப் பார்க்கவேண்டும்.

மெஷ் போடும் மென்பொருளான ஜிமெஷ்ஷில் (Gmsh) இதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் கைதவறும். டிரான்ஸ்ஃபைனைட் கோட்டுக்கு, அதாவது எத்தனை கணு என்று நாமே கட்டளையிடும் கோட்டுக்கு, கொடுக்கும் எண் கணுக்களின் எண்ணிக்கை. அடுக்குகளின் எண்ணிக்கை அல்ல. 15 அடுக்கு வேண்டுமென்றால் 16 என்று எழுதவேண்டும். அடுத்தது, வளர்ச்சி வீதம் கோடு வரையப்பட்ட திசையில்தான் வேலை செய்யும். எதிர்ப்பக்கக் கோடு தலைகீழாக வரையப்பட்டிருந்தால் ஒரு பக்கம் மேற்பரப்பிலும் மறுபக்கம் சுவரின் நடுவிலும் நெருங்கி, இடையிலுள்ள எல்லா எலிமென்ட்டும் சாய்ந்து போகும். கோட்டின் இலக்கத்துக்கு முன் கழித்தல் குறி போட்டால் திசை திரும்பும். எண்களை நம்பவேண்டாம், படத்தைத் திறந்து பாருங்கள்.

இந்த 25 அடுக்கால் கிடைத்த இலாபம் எவ்வளவு? ஒரு நேர்கோட்டு எலிமென்ட்டுக்குள் இடைச்செருகல் வழு, அதாவது மூலைப் பெறுமானங்களை வைத்து இடையிலுள்ளதை நேர்கோடாக நிரப்புவதால் வரும் பிழை, இரண்டாம் வகையீட்டை எலிமென்ட் நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்ததுக்கு மேல் போகாது. 1 ஆண்டில் வளைவு அதிகமுள்ள இடம் 11 மி.மீ. ஆழம்; அங்கே இரண்டாம் வகையீடு 0.00384. 25 அடுக்கையும் சமமாக 8 மி.மீ.யாகப் பிரித்திருந்தால் வழு 0.031 வரை போகும். வளரும் மெஷ்ஷில் அதே இடத்தில் எலிமென்ட் 2.4 மி.மீ., வழு 0.0028. ஏறக்குறைய பதினொன்றில் ஒன்று. ஆனால் 20 ஆண்டில் வளைவின் உச்சி 50 மி.மீ. ஆழத்துக்கு நகர்ந்துவிடும். அங்கே வளரும் மெஷ்ஷிலும் எலிமென்ட் 7.4 மி.மீ. என்பதால், இரண்டு மெஷ்ஷும் கிட்டத்தட்ட ஒரே வழுவைத் தரும் (0.0013, 0.0015). ஆரம்ப ஆண்டுகளின் விடை தேவையில்லை என்றால் மேற்பரப்பில் நெருக்குவதற்குப் பெரிய நியாயம் கிடையாது. ஆனால் மேற்பரப்பு வழியே உள்ளே புகுந்த மொத்த உப்பு வேண்டும் என்றால் அந்த நெருக்கம் வேண்டும்.

மெலிந்தது வேறு, தட்டையானது வேறு

இதுதான் முழு விடயத்தின் உயிர்நாடி, ஆகவே நிதானமாகப் பார்ப்போம். "நீள அகல விகிதம் 5ஐத் தாண்டக்கூடாது" என்ற விதியைப் பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். உத்திரம் வளைவதைக் கணிக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமுண்டு. முழுத் தொகையிடலோடு கூடிய 4-கணு நாற்கோணம் வளைவுத் திசையில் நீளும்போது, செயற்கையான விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கத்தோடு ஏறும். பரவல் கணக்கில் அந்த நோய் இல்லை. இங்கே பார்க்கவேண்டியது முக்கோணத்தின் மிகப்பெரிய கோணத்தை.

தாளில் இரண்டு முக்கோணம் வரையுங்கள். முதலாவது செங்கோண முக்கோணம்: ஒரு புயம் 100, மற்றது 1. இரண்டாவது தட்டை முக்கோணம்: அடி 100, உச்சி அடியின் நடுவுக்கு மேலே 1 உயரத்தில். அதன் உச்சிக் கோணம் 177.7 பாகை. இரண்டிலும் நீளத் திசைத் தூரத்தின் வர்க்கம் என்ற எளிய சார்பை, மூன்று மூலைப் பெறுமானங்களை மட்டும் வைத்து நேர்த் தளமாக இடைச்செருகுவோம். குறுக்குத் திசையில் இந்தச் சார்பு மாறவே இல்லை, அத்திசையில் உண்மைச் சாய்வு 0.

செங்கோண முக்கோணத்தில் மூலைப் பெறுமானங்கள் 0, 10,000, 0. குறுக்குத் திசைச் சாய்வு 0 என்றே வருகிறது. மிகச் சரி. தட்டை முக்கோணத்தில், அடியின் நடுவில் இருந்து அளந்தால், இரு முனையிலும் 2500, உச்சியில் 0. குறுக்குத் திசையில் 1 அலகு உயர்வதற்குள் 2500 இறங்கவேண்டும். ஆக, சாய்வு −2500. இல்லாத ஒரு சாய்வு, இந்த எலிமென்ட்டில் இருக்கும் மிகப்பெரிய உண்மைச் சாய்வைவிட (100) 25 மடங்கு பெரிதாக முளைத்துவிட்டது. இப்போது மெஷ்ஷை நுணுக்குகிறோம் என்று உயரத்தை மட்டும் 0.5 ஆக்கினால் அது −5000 ஆகும். எலிமென்ட் சிறுக்கச் சிறுக்க வழு பெருகுகிறது! தட்டை முக்கோணத்தில் மட்டுமே இது நடக்கும்.

இந்த வேறுபாடு புதிதல்ல. 1957இல் கணிதவியலாளர் சிங் (Synge), பெரிய கோணத்துக்கு எல்லை இருந்தால் போதும் என்று இடைச்செருகலுக்குக் காட்டினார். 1968இல் ஸ்லாமல் சிறிய கோணத்துக்குக் கீழெல்லை வைத்தார். அதுவே பாடப்புத்தக விதியாகப் பரவியது. 1976இல் பபூஷ்காவும் அசீஸும், அதே ஆண்டில் தனியாக ஜமேயும், சிறிய கோணம் எவ்வளவு சுருங்கினாலும் பெரிய கோணம் 180 பாகையை நெருங்காதவரை முறை ஒருங்கும், அதாவது மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விடை உண்மையை நெருங்கும் என்று நிறுவினார்கள். எந்தத் தட்டை எலிமென்ட்டும் எப்போதும் முறையைக் கவிழ்க்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. நல்ல எலிமென்ட்டுகளை மேலும் வெட்டிப் பிறந்த தட்டைகள் சில தீங்கு செய்யாமலே போகும். ஆனாலும் எது தீங்கு செய்யும் என்று கணக்கு ஓடும் முன்னே அறிவது கடினம், ஆகவே பெரிய கோணத்தைக் கட்டுப்படுத்துவதே பாதுகாப்பான வழி.

நம் சுவரில் இதன் அளவு என்ன? தட்டை முக்கோணத்தின் அடி ஆழத் திசையில் கிடந்தால்தான் ஆபத்து முழுதாகத் தெரியும். அடி 20 மி.மீ., உயரம் 0.2 மி.மீ. என்று ஒரு துணுக்கு, கம்பியின் வட்டத்தை வெட்டிச் சேர்க்கும்போது பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டில் வளைவின் உச்சி கம்பியிடம் வந்துசேரும்போது அது போலியாக மி.மீ.க்கு 0.048 சாய்வைக் காட்டும். அப்போது மேற்பரப்பில் உள்ள மிகப்பெரிய உண்மைச் சாய்வே 0.016தான். விடைப்படத்தில் கம்பியின் ஓரத்தில் ஒரு செம்புள்ளி எரியும்; பார்ப்பவர் "இங்கேதான் உப்பு பாய்கிறது" என்று எழுதிவிடுவார்.

தட்டை முக்கோணம் எப்படி மெஷ்ஷுக்குள் நுழைகிறது? கணுக்களைச் செங்கல் அடுக்குப்போல் வரிக்கு வரி அரைத் தூரம் நகர்த்தி வைத்தால் நுழைகிறது. வரிகளை நேர்ப்படுத்தி, ஒவ்வொரு செவ்வகத்தையும் ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால் எல்லாமே செங்கோண முக்கோணம். நகர்த்திய கணுக்களை, கணுக்களை முக்கோணங்களாக இணைத்துத் தரும் டெலோனே முறையிடம் கொடுத்தால் அது பெரும்பாலும் காப்பாற்றிவிடும். சிறிய கோணத்தை இயன்றவரை பெரிதாக்குவது அதன் இயல்பு என்பதால், ஒன்றுக்கு மேல் ஒன்றாக 2 மி.மீ. தள்ளி நிற்கும் கணுக்களை நேரே இணைத்து, ஊசிபோல் கூர்ந்த, ஆனால் 89 பாகைக்கு மேல் போகாத முக்கோணங்களை ஆக்கும். ஓர் இடத்தில் மட்டும் அதனால் முடியாது: சுவரின் மேற்பரப்பில். அங்கே 100 மி.மீ. எல்லைக்கோடு கட்டாயம் இருந்தே ஆகவேண்டும். அதன் எதிர்முனை நடுவில், 1 மி.மீ. மேலே நிற்கும் கணுதான். 177.7 பாகைத் தட்டைகள் வரிசையாக அங்கேயே தங்கிவிடும். உப்புப் பாய்ச்சலை அளக்கும் இடமும் அதுதான். உள்ளே எல்லாம் அழகாக இருக்க, அளக்கும் விளிம்பில் மட்டும் விடை கெட்டிருப்பதைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தர எண்ணை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்வட்ட ஆரையைச் சுற்றுவட்ட ஆரையால் வகுத்து இரட்டிக்கும் வழமையான அளவில், 1க்கு 100 செங்கோண முக்கோணம் 0.02 பெறும். தட்டை முக்கோணம் 0.0008 பெறும். சமபக்க முக்கோணத்துக்கு 1. இரண்டுமே படத்தில் ஒரே சிவப்பு. முன்னது நல்ல எலிமென்ட், பின்னது நஞ்சு. ஆகவே ஒவ்வொரு முக்கோணத்தின் பெரிய கோணத்தையும் நாமே கணித்து ஒரு வரைபடமாகப் போட்டோம். கணிக்கும்போது நேர்மாறு கோசைன் வேண்டாம். 180 பாகைக்குக் கிட்ட அது இலக்கங்களைத் தின்றுவிடும். இரு பக்கக் காவிகளின் குறுக்குப் பெருக்கத்தையும் புள்ளிப் பெருக்கத்தையும் எடுத்து, இரண்டு உள்ளீடு வாங்கும் நேர்மாறு தான்ஜனில் போடுங்கள். 150 பாகையைத் தாண்டிய எதையும் பெரிதாக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

எதிர்மறைச் செறிவு

செறிவு 0க்குக் கீழே போனால் கணக்கு எங்கோ பொய் சொல்கிறது. இதற்குக் காரணம், கணுக்களுக்கு இடையிலான பிணைப்பைச் சொல்லும் விறைப்புத் தாயத்தில் இருக்கிறது. நேர்கோட்டு முக்கோணங்களில், ஒரு விளிம்பின் இரு முனைக் கணுக்களை இணைக்கும் உறுப்பு, அந்த விளிம்பை எதிர்நோக்கும் இரு கோணங்களின் கோட்டான்ஜன்களைக் கூட்டி, பாதியாக்கி, குறியை மாற்றியது. அந்த இரு கோணமும் சேர்ந்து 180 பாகையைத் தாண்டினால் உறுப்பு நேர்க்குறி பெறும். அங்கிருந்து எதிர்மறைச் செறிவு வரலாம். 177.7 பாகைக்குக் கோட்டான்ஜன் −25. இரண்டு தட்டைகள் அடியோடு அடி சேர்ந்தால் உறுப்பு +25. 1க்கு 100 செங்கோண முக்கோணங்களில் குறுகிய விளிம்புக்கு −100, நீண்ட விளிம்புக்கு −0.01, மூலைவிட்டத்துக்கு 0. எதுவும் நேர்க்குறி இல்லை. எவ்வளவு நீட்டினாலும் இது உடையாது.

நாற்கோணத்தில் அப்படி அல்ல, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 4-கணுச் செவ்வகத்தில் நீளம் அகலத்தின் 1.414 மடங்கைத் தாண்டியதும், நீண்ட பக்கத்தின் இரு முனைகளை இணைக்கும் உறுப்பு நேர்க்குறியாகிவிடும். 1க்கு 100 என்றால் எலிமென்ட்டுக்கு +16.7. நீளத் திசையில் விடை மெல்ல மாறும் வரை இது வெளியே தெரியாது. சுவரின் கீழ்ப்பகுதியில் ஓடு பதித்து, அது முடியும் இடத்தில் மேற்பரப்புச் செறிவு திடீரென்று 0இல் இருந்து 1க்குத் தாவுகிறது என்றால், அந்தக் கோட்டுக்கு இருபுறமும் விடை மேலும் கீழும் அலையும். அதே கணுக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செவ்வகத்தையும் மூலைவிட்டத்தால் வெட்டினால் அலைச்சல் நின்றுவிடும். துல்லியம் மட்டும் தானாக வராது. ஓடு முடியும் இடத்தில் உயரத் திசையிலும் விடை 71 மி.மீ. அளவில் மாறுவதால், 100 மி.மீ. எலிமென்ட் அங்கே பொருந்தாது. அந்தக் கோட்டில் இருந்து இரு பக்கமும் உயரத் திசையிலும் 1.15 வளர்ச்சி கொடுக்கவேண்டும்.

காலத்தில் நகர்த்தும்போது இன்னொரு வாயில் திறக்கிறது. புதிய நேரத்தின் செறிவை வைத்தே பரவலைக் கணிக்கும் பின்னோக்கு ஒயிலர் முறையில், உப்பின் தேக்கத்தைச் சொல்லும் நிறைத் தாயத்தை முழுதாக வைத்தால், ஒற்றைத் திசைக் கணக்கில் கூட, காலப்படி எலிமென்ட் நீளத்தின் வர்க்கத்தை 6 மடங்கு குணகத்தால் வகுத்ததைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. 1 மி.மீ. அடுக்குக்கு அது ஏறக்குறைய 1 நாள். 26 மி.மீ. அடுக்குக்கு 1.8 ஆண்டு. மாதப் படியில் போனால் 5.6 மி.மீ.ஐவிடத் தடித்த எல்லா அடுக்கும் விதியை மீறும். உப்பு இன்னும் போய்ச்சேராத ஆழத்தில் சின்னச்சின்ன எதிர்மறை எண்கள் மிதப்பது இதனால்தான். காலப்படியைச் சுருக்கினால் இன்னும் மோசமாகும், ஆகவே அந்தப் பக்கம் போகவேண்டாம். இரு திசையில் செங்கோண முக்கோணம் என்றால் தப்பவே வழியில்லை: மூலைவிட்டத்தில் விறைப்பு உறுப்பு 0, நிறை உறுப்போ நேர்க்குறி. எந்தக் காலப்படியும் அதை ஈடுசெய்யாது.

தீர்வு, நிறையைக் கணுக்களில் குவிப்பது. ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பையும் மூன்றாகப் பிரித்து மூன்று கணுவுக்கும் கொடுத்துவிட்டால் நிறைத் தாயம் மூலைவிட்ட வடிவம் பெறும். செங்கோண முக்கோணம், குவித்த நிறை, பின்னோக்கு ஒயிலர் மூன்றும் சேர்ந்தால் செறிவு 0க்குக் கீழேயும் 1க்கு மேலேயும் போகவே முடியாது. நேர்கோட்டு எலிமென்ட்டில் இதனால் துல்லியத்தின் படி குறைவதில்லை. 6-கணு முக்கோணத்தில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். தாயத்தின் ஒவ்வொரு வரியையும் கூட்டி மூலைவிட்டத்தில் வைக்கும் வரிக்கூட்டல் முறையில் மூலைக் கணுக்களுக்கு நிறை 0 வந்துவிடும்.

முதல் காலப்படியை முதல் அடுக்கே சொல்லும். 1.05இன் வர்க்கத்தை 63ஆல் வகுத்தால் 6 நாளுக்குச் சற்று மேல். 5 நாளில் தொடங்கி ஒவ்வொரு படியையும் 1.05 மடங்கு வளர்த்தால் 89 படியில் 20 ஆண்டைத் தாண்டலாம். கடைசிப் படி ஏறக்குறைய 1 ஆண்டு இருக்கும், அதைச் சுருக்கி 20இல் சரியாக முடியுங்கள். பிறகு 2.5 நாள், 1.025 மடங்கு என்று மாற்றி 175 படியில் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம் காலத்தால் வந்த வழுவைக் காட்டும். இதைத் தனியாகப் பிரித்தெடுக்காமல் மெஷ்ஷின் வழுவைப் பற்றிப் பேசக்கூடாது, இரண்டும் ஒன்றையொன்று மறைக்கும். பழைய, புதிய நேரங்களின் சராசரியை எடுக்கும் கிராங்–நிக்கல்சன் முறை இரண்டாம் படித் துல்லியம் தரும் என்று முதல் நாளில் இருந்தே போட்டால், தொடக்கத்தில் உள்ள 0–1 தாவல் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். 1984இல் ரன்னாக்கர் காட்டிய வழியில் முதல் சில படிகளைப் பின்னோக்கு ஒயிலரில் நகர்த்திவிட்டு மாறலாம். எதிர்மறையே வரக்கூடாது என்றால் ஒயிலரிலேயே இருங்கள்.

சாய்வைச் சராசரி எடுக்கும்போது

நேர்கோட்டு எலிமென்ட்டுக்குள் சாய்வு ஒரே எண். அது எலிமென்ட்டின் நடுவில் மிகத் துல்லியம், ஓரங்களில் அவ்வளவு இல்லை. கணுவில் சாய்வு வேண்டுமென்றால் இரு பக்கத்தையும் சேர்க்கவேண்டும். எலிமென்ட் அளவையே எடையாக வைத்துச் சராசரி எடுப்பது பரவலான பழக்கம். சமமற்ற மெஷ்ஷில் அதுதான் மிகக் கெட்ட தெரிவு. எடையில்லாச் சராசரியில் வரும் வழு, இரண்டாம் வகையீட்டை நீள வித்தியாசத்தால் பெருக்கி 4ஆல் வகுத்தது. அளவை எடையாக வைத்தால் அது அப்படியே இரட்டிக்கும். எடையை மாற்றிப் போடுங்கள்: இடது சாய்வுக்கு வலது நீளம், வலது சாய்வுக்கு இடது நீளம். முதல் படி வழு முழுதாக நீங்கிவிடும்.

1.15 வளர்ச்சியில் இது அரை வீதம், ஒரு வீதம் என்று சிறிதாகவே இருக்கும். 1 மி.மீ. அடுக்கை அடுத்து நேரே 10 மி.மீ. அடுக்கு வைத்த மெஷ்ஷில், 1 ஆண்டில், 11 மி.மீ. ஆழத்தில், எடையில்லாச் சராசரி 20 வீதமும் அளவு எடைச் சராசரி 40 வீதமும் பிழைக்கும். செறிவு எண்ணோ அதே மெஷ்ஷில் அவ்வளவு கெடாது. "திடீர்த் தாவல் முறையைக் கெடுத்துவிட்டது" என்று சொல்லும் பல இடங்களில் கெட்டது பின்கணிப்புத்தான். மேற்பரப்புப் பாய்ச்சலுக்கு இந்தச் சாய்வு எதுவும் வேண்டாம். செறிவைக் கட்டிவைத்த கணுக்களின் சமன்பாட்டு மிச்சத்தைக் கூட்டுங்கள். உள்ளே சேர்ந்த உப்பின் அளவோடு அது கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் தாயம் கூட்டும் நிரலில் பிழை இருக்கிறது.

நீட்டிய திசை சற்றே விலகினால்

செறிவு மாறும் திசையோடு மெஷ் ஒத்துநிற்கும்வரைதான் 100:1 இலாபம். 1க்கு 100 எலிமென்ட்டை 5 பாகை திருப்பினால், செறிவு மாறும் திசையில் அதன் வீச்சு 9.7 மி.மீ. ஆகிவிடும். வர்க்கத்தோடு ஏறும் வழு 94 மடங்காகும். 1 பாகைக்கே வீச்சு 2.7 மி.மீ. சுவரில் ஒரு வெடிப்பு சரிவாக ஓடினால் அதன் ஓரத்தில் இந்த மெஷ் பயனற்றது. அங்கே வெடிப்போடு ஒத்த தனி அடுக்குகள் போடவேண்டும்.

வட்டத் தூண் இதைவிடக் கடினம். 400 மி.மீ. விட்டமுள்ள தூணில் 100 மி.மீ. நேர்த்துண்டு போட்டால், துண்டின் நடு உண்மையான மேற்பரப்பில் இருந்து 6.35 மி.மீ. உள்ளே விழும். கம்பியை மூடிய 50 மி.மீ. கொங்கிரீட்டில் 6 மி.மீ.யை மெஷ்ஷே விழுங்கிவிட்டது. வளைந்த இரண்டாம் படி எலிமென்ட் போட்டுத் தப்பலாம் என்றால், 1 மி.மீ. தடிப்புள்ள முதல் அடுக்கில் வெளிப்பக்கம் 6 மி.மீ. வளைந்து உட்பக்கம் நேராக நின்று, எலிமென்ட் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். உட்பக்கமாக வளையும் துளைகளில் ஒன்றையொன்று வெட்டிக் கவிழும். உள்விழுதலை 0.1 மி.மீ.க்குள் வைக்க வேண்டுமானால் துண்டு 12.6 மி.மீ., சுற்றுக்கு 100 துண்டு. ஆக, வட்டத்தில் நீட்சியின் உச்சத்தைத் தீர்மானிப்பது வளைவு ஆரை.

சதுரத் தூணின் மூலையைச் சோதிக்காமல் விடாதீர்கள். இரு முகமும் கடலைப் பார்த்தால் உப்பு இரு பக்கமும் இறங்கும். சரியான விடை, இரு திசை எர்ஃப் சார்புகளின் (எர்ஃப் என்பது 1இல் இருந்து எர்ஃப்சியைக் கழித்தது) பெருக்கத்தை 1இல் இருந்து கழித்தது. இரு முகத்தில் இருந்தும் 50 மி.மீ. உள்ளே நிற்கும் மூலைக் கம்பியில் 20 ஆண்டில் 0.537, தட்டையான முகத்தில் 0.319. மூலைக் கம்பிகளிடம் கொங்கிரீட் முதலில் வெடிப்பதன் காரணம் இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. மெஷ்ஷுக்கு இரு திசையிலும் அதே 25 அடுக்கைக் கொடுங்கள். மூலையில் 1 மி.மீ. சதுரம், முகங்களின் ஓரத்தில் 25:1 நீட்சி, உள்ளே 26 மி.மீ. சதுரம் என்று தானாக அமையும். மூலைவிட்டங்களை மூலையின் 45 பாகைக் கோட்டுக்குச் சமச்சீராகத் திருப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்தால் சமச்சீரான கணக்குக்குச் சமச்சீரற்ற விடை வரும். இரு முகத்திலும் ஒரே ஆழத்தில் உள்ள கணுக்களை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

தீர்க்கும் பகுதியில் சில ஆயிரம் கணு வரை நேரடித் தீர்வே போதும். பெரிய முப்பரிமாணக் கணக்குக்கு படிப்படியாக விடையை நெருங்கும் இணைசாய்வு முறைக்குப் போகும்போது நீட்சி தன் விலையைக் கேட்கும்: குறுக்கே −100, நெடுக்கே −0.01 என்று 10,000 மடங்கு வேறுபட்ட பிணைப்புகள் நிற்கின்றன. முன்சீராக்கம் என்பது தீர்வு விரைவாக வரத் தாயத்தை முன்னமே சீர்செய்வது. மூலைவிட்ட முன்சீராக்கம் எலிமென்ட் அளவு வேறுபாட்டைச் சமன்செய்யும், இந்தத் திசை வேறுபாட்டைத் தொடாது. கணுக்களை ஆழ வரிசையில் எண்ணிட்டு, ஒவ்வொரு ஆழக்கோட்டையும் முக்கோட்டுத் தாயமாக ஒரே தடவையில் தீர்க்கும் கோட்டு முன்சீராக்கம் இங்கே மிக நன்றாக ஓடும். வலுவான பிணைப்பைத் தானே தேடிக் குறுக்கும் இயற்கணிதப் பன்மட்ட முறையும் ஏற்றது. அதன் தேடலும் நேர்க்குறி உறுப்புகளால் குழம்பும் என்பதால், செங்கோண முக்கோணமும் குவித்த நிறையும் அங்கேயும் கைகொடுக்கும்.

முப்பரிமாணத்தில் டெலோனே காப்பாற்றும் என்று நம்பவேண்டாம். நான்கு கணுவும் ஒரு வட்டத்தின்மேல் ஏறக்குறைய சம தூரத்தில் விழுந்தால், எந்த விளிம்பும் குறுகாமலே நான்முகி தட்டையாகும். டெலோனே அதைத் தடுப்பதில்லை. அங்கே முகங்களின் கோணங்களோடு முகங்களுக்கு இடையிலுள்ள கோணங்களையும் கணிக்கவேண்டும். சுவருக்கும் தூணுக்கும் இதைத் தவிர்க்கும் எளிய வழி, முக்கோண மெஷ்ஷை மேற்பரப்பில் போட்டு ஆழத் திசையில் 25 அடுக்காக இழுத்து, முக்கோணப் பட்டக எலிமென்ட்டுகளாகவே வைத்துக்கொள்வது. ஒவ்வொரு பட்டகத்தையும் நான்முகிகளாக வெட்டியே ஆகவேண்டும் என்றால், அயல் பட்டகங்கள் பகிரும் செவ்வக முகத்தில் மூலைவிட்டம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒவ்வொரு முகத்திலும் சிறிய இலக்கமுள்ள கணுவில் இருந்து வெட்டு தொடங்கட்டும் என்று விதி வைத்தால், முகங்கள் தாமாகப் பொருந்தும்.